இடது தோளில் ஒரு தழும்பு

என் வயதுக்காரர்கள் சட்டையைக் கழற்றினால் கையில் இரண்டு விதத் தழும்பு தெரியும். ஒன்று அம்மை குத்தின தழும்பு. பெரிதாக, வட்டமாக, உள்ளே புள்ளி புள்ளியாக இருக்கும். இன்னொன்று இடது தோளுக்குக் கீழே பட்டாணி அளவில் பளபளவென்று இருக்கும் பி.சி.ஜி. தழும்பு. அம்மைத் தழும்பு தன் வேலையை முடித்துவிட்டது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். நம் பேரன் பேத்திகளுக்கு அந்தத் தழும்பு கிடையாது. ஆனால் பி.சி.ஜி. தழும்பு அவர்களுக்கும் உண்டு. நூறாண்டுக்கு மேலாகியும் அது ஓய்வு பெறவில்லை. நான் ஓய்வு பெற்றே பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது.

இந்த இரண்டாவது தழும்பைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். இதில் ஒரு பெரிய கேள்விக்கு விடை சொன்னது நம் மாவட்டம். இந்த விஷயம் நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் பி.சி.ஜி. என்று சொல்லமாட்டோம், 'பே-சே-ழே' என்போம். பாஸ்டர் என்று இங்கே சொல்பவரை 'பஸ்தேர்' என்போம். அவருடைய வழியில் வந்த இரண்டு பேரின் பெயர்தான் அந்த எழுத்துகளில் இருக்கிறது. 'பே' என்றால் பசில், அதாவது கோல் வடிவக் கிருமி. 'சே' கால்மெத். 'ழே' கெரான். ஆல்பேர் கால்மெத் டாக்டர். கமீய் கெரான் மாட்டு வைத்தியர். கால்மெத் 1891-ல் சைகோனில் பஸ்தேர் நிலையத்தைத் தொடங்கியவர். புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் சைகோன் போய் வந்த காலம் ஒன்று இருந்தது. அதனால் அந்தப் பெயரை எங்கள் வாத்தியார் ஏதோ சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார்.

கால்மெத்தும் கெரானும் லீல் நகரத்தில் 1908-ல் வேலையைத் தொடங்கினார்கள். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தநீரில் ஊறவைத்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். இப்படி 13 வருடத்தில் 230 தடவை. நடுவே முதல் உலகப் போர் வந்தது. லீல் ஜெர்மானியர் கையில் போயிற்று. அப்போதும் விடவில்லை. கடைசியில் கிருமிக்கு உயிர் இருந்தது, நோய் உண்டாக்கும் வீரியம் போய்விட்டது. 1921-ல் பாரிசில் ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலாக அதைக் கொடுத்தார்கள். தாய் காசநோயால் இறந்துபோன குழந்தை அது. வளர்க்கவேண்டிய பாட்டிக்கும் அதே நோய். குழந்தை பிழைத்தது.

பள்ளிக்கூடத்தில் கதை இங்கே முடிந்துவிடும். மணியடிக்கும், வீட்டுக்குப் போவோம். மிச்சக் கதையை நான் தெரிந்துகொண்டது கூரத்துக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகு.

கூரம், காஞ்சிபுரத்தை ஒட்டிய சின்ன ஊர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்களும், பல்லவன் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர் என்று சரித்திரம் படித்தவர்களும் சொல்வார்கள். எனக்கு அது என் மனைவியின் ஊர், பட்டுத்தறி ஊர். 1975-ல் கல்யாணம். என் மனைவியின் அண்ணன், எங்கள் பெரிய மச்சான், காஞ்சி முதலாளி ஒருவருக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். கோர்வைச் சேலை நெய்வதில் கெட்டிக்காரர்.

கோர்வை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, சேருமிடத்தில் இழையோடு இழை கோக்கவேண்டும். தனி ஆளால் முடியாது. நெய்பவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீசித் தரவேண்டும். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். குழித்தறியில் காலை இறக்கி, தோளோடு தோள் இடிக்க, காலை ஆறு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருப்பார்கள். மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவர் மூத்த மகன். அப்போது அவனுக்குப் பத்துப் பதினொரு வயது. தறி இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். பாவு இழையில் தூசி படியும் என்று அதையும் சாத்திவைத்திருப்பார்கள்.

1976 கடைசியில் மச்சானுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு சாயங்காலம் சாயங்காலம் மெல்லிய காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைப்பு. ஒரு நாள் சளியில் ரத்தம். அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்து, படம் எடுத்து, டி.பி. என்று சொல்லிவிட்டார்கள்.

வயதானவர்கள் இந்த நோயை எலும்புருக்கி என்பார்கள். படித்தவர்கள் க்ஷயம் என்பார்கள். எந்தப் பெயரானாலும் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். புதுமைப்பித்தன் 1948-ல் இந்த நோயில்தான் போனார். அந்தத் தலைமுறையில் டி.பி. என்றால் தீர்ப்பு எழுதியாயிற்று என்று அர்த்தம். ஆகவே என் மாமியார் செய்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு நின்றாள். தெருவில் யார் கேட்டாலும், "அவனுக்கு இழுப்பு, வேற ஒண்ணுமில்லை" என்றே சொல்லிவந்தார். வீட்டுக்குள் மட்டும் மகனுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. துப்புவதற்குச் சாம்பல் போட்ட கொட்டாங்குச்சி தனி.

தறி மட்டும் தனியாகவில்லை. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் காட்டிய ஜாக்கிரதை எல்லாம் காசநோய்க்கு வேண்டாத இடத்தில் காட்டியது. இந்தக் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அது தட்டு, டம்ளர் வழியாகப் பரவுவதில்லை. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது, உரக்கப் பேசும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளி தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணியது காற்றில் காய்ந்து, சாத்திய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். அதை மூச்சில் இழுப்பவருக்குக் கிருமி தொற்றுகிறது. அமெரிக்காவில் பால்டிமோரில் 1950-களில் வெல்ஸ், ரைலி என்ற இருவர் இதை நிரூபித்தார்கள். காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியாக மாடியில் வைத்த கினிப் பன்றிகளுக்கு அனுப்பினார்கள். நோயாளியைத் தொடாத, பார்க்காத அந்தப் பிராணிகளுக்கு நோய் தொற்றியது. வெயிலும் காற்றோட்டமும் இருந்தால் இந்தத் துளிகளுக்கு ஆயுள் குறைவு. ஆக அந்த வீட்டில் தனியாக வைக்கவேண்டியது டம்ளரை அல்ல, திறக்கவேண்டியது ஜன்னலை.

கிருமி தொற்றியவர் எல்லாருக்கும் நோய் வராது. பத்துப் பேருக்குத் தொற்றினால் ஒன்பது பேரின் உடம்பு அதை ஒரு மூலையில் அடைத்துப் பூட்டிவிடும். அது அங்கே சாகாமல் உறங்கும். பட்டினி, சர்க்கரை நோய், குடி, முதுமை, வேறு ஏதாவது நோய் என்று உடம்பு தளரும்போது பத்து வருடம் கழித்தும் எழுந்துகொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

மச்சானுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாத்திரையும் எழுதினார்கள். ஒரு வருடத்துக்குக் குறையாமல் சாப்பிடவேண்டும், வீட்டில் இருந்தே சாப்பிடலாம் என்றார்கள். என் மாமனாருக்கு நம்பிக்கை வரவில்லை. "தாம்பரம் சானடோரியத்துல படுக்கை கேளுங்க மாப்பிள்ளை, கவர்மென்ட்டுல இருக்கீங்களே" என்றார். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய சானடோரியம் அந்தத் தலைமுறைக்குக் கோயில் மாதிரி. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. இவை இல்லாமல் டி.பி. குணமாகும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்கே சொன்னது நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் முன்னின்றார். சென்னையின் நெரிசலான பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி வீட்டில். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு அரைகுறைச் சாப்பாடு, ஒண்டுக் குடித்தனம், நடுவே வேலை. 1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. மாத்திரை தொடங்கினால் தொற்றும் தன்மை சீக்கிரமே குறைந்துவிடும் என்பதுதான் காரணம். இதன் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்களுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. நோயாளிகள் மாத்திரையைத் தவறவிடுகிறார்கள். அதற்காகச் சேத்துப்பட்டு ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகு 1960-களில், வாரத்துக்கு இரண்டு தடவை ஊழியரின் கண் முன்னால் மருந்து கொடுத்துப் பார்த்து, அதுவும் பலிக்கிறது என்று காட்டினார்கள். பிற்காலத்தில் உலகமெல்லாம் 'டாட்ஸ்' என்று பேர் வைத்துக் கொண்டாடிய முறைக்கு வேர் அங்கேதான்.

எங்கள் மச்சான் வீட்டுக்கு மாத்திரை எண்ண யாரும் வரவில்லை. ஊசிக்கு ஆஸ்பத்திரி போனால் அரை நாள் கூலி போயிற்று. மாத்திரை சாப்பிட்டால் குமட்டல். நான்காவது மாதம் இருமல் நின்றது, முகத்தில் சதை பிடித்தது. கல்யாண சீசன் வந்தது. முதலாளி முகூர்த்தச் சேலைகளுக்கு அவசரப்படுத்தினார். "எனக்கு நல்லாயிட்டுது மாப்பிள்ளை, இனிமே எதுக்கு மாத்திரை?" என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். சாப்பிடச் சொல்லி நானும் வாதாடினேன், என் மனைவியும் அழுதாள். அவர் கணக்கு வேறு. தறி நின்றால் அடுப்பு நிற்கும்.

எட்டு மாதத்தில் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதே மருந்து கேட்கவில்லை. ஏன் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். நுரையீரலில் ஒரு புண்ணில் கோடிக்கணக்கான கிருமி இருக்கும். அதில் சிலது இயற்கையாகவே ஒரு மருந்துக்கு மசியாது. அதனால்தான் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது. ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் சாகும். முதல் சில மாதத்தில் பெரும்பாலானவை செத்து, ஆளுக்கு நன்றாகிவிடும். ஆனால் மிச்சம் இருப்பவை பிடிவாதமானவை. அவற்றைக் கொல்லத்தான் பாக்கி மாதங்கள். நடுவில் விட்டால், தப்பியவை பெருகும்.

1979 ஐப்பசி மழையில் பெரிய மச்சான் போய்விட்டார். வயது 41. தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து பாவோடு அறுத்து எடுத்துப் போனார்கள்.

நான் அப்போது புதுச்சேரி சுகாதாரத் துறையில் எழுத்தர். மருந்து வரவு செலவுப் பதிவேடுகள் என் மேஜைக்கு வரும். அந்தச் சமயத்தில்தான், 1979-80-ல், பி.சி.ஜி. பற்றிய செய்தி அடிபட்டது. உலகத்திலேயே பெரிய பி.சி.ஜி. சோதனையின் முதல் முடிவு வந்துவிட்டது. அது நடந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். காஞ்சிபுரமும் கூரமும் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்தான். பின்னால் 1997-ல்தான் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தார்கள். சோதனை நடந்த கிராமங்கள் சென்னைக்கு மேற்கே, இன்றைய திருவள்ளூர்ப் பக்கம்.

ஏன் அப்படி ஒரு சோதனை? பி.சி.ஜி. பலிக்குமா என்பதில் உலகத்தில் சண்டை தீரவில்லை. பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்குப் போட்டுப் பார்த்ததில் 80 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பார்த்ததில் 14 சதவீதம்தான். இந்தியாவில் 1948-ல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்க ஆய்வகம் வைத்து, நாடு முழுவதும் ஊசி போட ஆரம்பித்தார்கள். ராஜாஜி அதை எதிர்த்து 1955-ல் தனிப் புத்தகமே எழுதினார். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் உறுதியாகப் பேசினார்கள். நம் மண்ணில் பார்த்துச் சொன்ன பெரிய கணக்கு யார் கையிலும் இல்லை.

அந்தக் கணக்கைப் போட 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை. 209 கிராமங்கள், 9 சிறு நகரங்கள், மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள். வீடு வீடாகப் பேர் எழுதினார்கள். கையில் டியூபர்குலின் குத்தி வீக்கத்தை அளந்தார்கள். பெரியவர்களுக்கு மார்புப் படம் எடுத்தார்கள், சந்தேகம் இருந்தால் சளி வாங்கினார்கள். பிறகு இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல் ஊசி. சிலருக்கு டென்மார்க் வகைப் பி.சி.ஜி., சிலருக்குப் பிரெஞ்சு வகை, அதிலும் இரண்டு அளவு. மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது போயிற்று என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போய் எல்லாரையும் பார்த்தார்கள்.

நான் கூட்டல் கழித்தலிலேயே வாழ்ந்தவன். மூன்றரை லட்சம் பேரின் பதிவேட்டைக் கம்ப்யூட்டர் மலியாத காலத்தில் ஆண்டுக்கணக்காகப் பிசகாமல் வைத்திருப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் போன பெண், பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம், ஒரே தெருவில் ஒரே பேரில் நாலு பேர். இதையெல்லாம் சமாளித்த அந்தக் கள ஊழியர்களுக்கு எந்த ஊரிலும் சிலை கிடையாது. கையை நீட்டிய கிராமத்து ஜனங்களுக்கும் கிடையாது.

விடை என்ன தெரியுமா? ஏழரை வருடம் பார்த்ததில், பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்ததில் வித்தியாசமே இல்லை. பாதுகாப்பு பூஜ்யம். உலகம் திகைத்துப்போயிற்று. எங்கேயோ தப்பு என்று பலர் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பதினைந்து வருடப் பார்வையின் முடிவு 1999-ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான்.

காரணம் இன்றுவரை முழுசாகத் தீரவில்லை. நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகள் நிறைய இருக்கின்றன. அவை நோய் செய்வதில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அவற்றோடு பழகிய உடம்புக்குப் பி.சி.ஜி. புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை என்று ஒரு கருத்து உண்டு. குளிர் தேசங்களில் அது பலிப்பதற்கும் நம்மிடம் பலிக்காததற்கும் இதைத்தான் பலரும் முதலில் சொல்கிறார்கள்.

அப்படியானால் பேரக் குழந்தைகளுக்கு ஏன் இன்னும் போடுகிறார்கள்? கேட்கவேண்டிய கேள்விதான். கைக்குழந்தைகளுக்குக் காசநோய் வந்தால் அது நுரையீரலோடு நிற்பதில்லை. மூளை உறையைத் தாக்கும், உடம்பெங்கும் பரவும், கொன்றுவிடும். அந்தக் கொடிய வகைகளிலிருந்து பி.சி.ஜி. குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. பாரிசில் 1921-ல் அந்தக் கைக்குழந்தைக்குக் கொடுத்தது எதற்கோ, அதற்குத்தான் அது இன்றும் பயன்படுகிறது. பிறந்தவுடன் தவறாமல் போடுங்கள். ஆனால் அந்தத் தழும்பை நம்பி, வளர்ந்த பிறகு டி.பி. வராது என்று இருந்துவிடக் கூடாது. செங்கல்பட்டு ஜனங்கள் உலகத்துக்குச் சொன்னது இதுதான். 'ஆம்' என்று விடை வந்திருந்தால் எல்லா ஊரிலும் அவர்களைப் பற்றிப் பாடம் இருந்திருக்கும். 'இல்லை' என்று வந்ததால் மறந்துவிட்டோம். என்னைக் கேட்டால் அந்த 'இல்லை'க்குத்தான் மதிப்பு அதிகம். ஊசி போட்டாயிற்று என்று அரசாங்கமும் ஜனங்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், இருமுகிறவரைத் தேடிப்பிடித்து மருந்து கொடுப்பதுதான் வழி என்பதை அது உறுதிப்படுத்தியது.

இதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. மச்சானுக்குப் பக்கத்தில் கரை நாடா வீசிய பையனை நினைவிருக்கிறதா? அவன் இடது தோளில் தழும்பு அழகாக இருந்தது. அப்பா போன பிறகு அவனே தறியில் உட்கார்ந்தான். பத்து வருடம் ஒன்றும் இல்லை. 1989-ல், கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்த பிறகு, அவனுக்கு இருமல் வந்தது. சிறு வயதில் உறங்கப்போன கிருமி எழுந்திருக்கலாம், புதிதாகவும் தொற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

காலம் அதற்குள் மாறியிருந்தது. ரிஃபாம்பிசின் என்ற சிவப்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. ஒன்றரை வருடச் சிகிச்சை சில மாதங்களாகச் சுருங்கியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் வீட்டில். என் மாமியார், மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாள், இந்தத் தடவை யாருக்கும் மறைக்கவில்லை. பேரன் சாப்பிடும் மாத்திரையைத் தன் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு, காலையில் அவன் வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் காபி கொடுப்பார். சிறுநீர் செங்காவி நிறத்தில் போகிறதா என்று கேட்பார். ரிஃபாம்பிசின் உள்ளே போனால் அப்படித்தான் போகும். சேத்துப்பட்டில் பெரிய டாக்டர்கள் கண்டுபிடித்ததை எழுதப் படிக்கத் தெரியாத கிழவி கூரத்தில் தானாகச் செய்தார். பேரன் பிழைத்தான். அவனுக்கு இப்போது அறுபது வயது. இன்றும் நெய்கிறான். "அப்பாவுக்கு ஆயா இப்படிக் காவல் இருந்திருந்தா..." என்று ஒரு தடவை ஆரம்பித்தான். "விடுடா" என்றேன். அன்றைக்கு அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்?

இன்றைய நிலைமை இன்னும் சுலபம். சளியில் கிருமியின் மரபணுவையே தேடிப்பார்த்து, ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லும் கருவி வந்துவிட்டது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை, இலவசம். ஊசி கிடையாது. சாப்பாட்டுச் செலவுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வீட்டில் இருக்கும் மற்றவர்களையும் சோதித்து, நோய் இல்லாவிட்டாலும் உறங்கும் கிருமி எழுந்திராமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். 1977-ல் அந்தப் பையனுக்கு இதைக் கொடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேத்துப்பட்டு ஆராய்ச்சி, மருந்து இருந்தால் அரை வயிற்றோடும் குணமாகலாம் என்றது உண்மை. ஆனால் நோய் வராமல் தடுப்பதில் சோற்றுக்குப் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரம் பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு முதலியவை கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்தத் தடுப்பூசிக் கம்பெனியும் விற்கமுடியாத தடுப்பூசி இது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளைக்கு மூன்று வாரமாக இருமல். கம்பெனி வேலைக்கு ஸ்ரீபெரும்புதூர் போய் வருகிறாள். அம்மா என்னிடம் வந்து, "மாமா, வரன் பாத்துக்கிட்டிருக்கோம், ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமே" என்றாள். ஐம்பது வருடம் ஆகியும் அதே பேச்சு. நான் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. என் மைத்துனர் மகனைக் கூப்பிட்டு விட்டேன். அவன் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "எனக்கு வந்துது அக்கா. எங்கப்பாவுக்கும் வந்துது. நான் மாத்திரையை முடிச்சேன், அவர் முடிக்கல" என்றான். மறுநாள் தாயும் பெண்ணும் சளி கொடுத்துவிட்டு வந்தார்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாத இளைப்பு, ராத்திரி வியர்வை. இதில் எது இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுக்கச் சொல்லுங்கள். டி.பி. என்று வந்தால் ஆறு மாதம் முடியும் வரை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். நம் வயதில் நமக்கு வேறு என்ன வேலை? தினம் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய், மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு வரலாம்.